பலாவின் ஈரமும் வீணையின் மெட்டும்

தஞ்சாவூர் வீணையின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரகுநாத நாயக்கரிடமிருந்து தொடங்குவது வழக்கம். 1600 முதல் 1634 வரை ஆண்ட அம்மன்னர் காலத்தில்தான் 24 மெட்டுகள் நிலையாகப் பதிந்த வீணை உருப்பெற்றது என்பது மரபு. மெட்டுகளின் கணக்கைப் பேசும் அளவுக்கு அவற்றைத் தாங்கும் பலா மரத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. மெட்டுகள் மெழுகின்மேல் நிற்பவை. மெழுகு தண்டியின்மேல் நிற்பது. தண்டி சிறிதே வளைந்தாலும் தந்தி மெட்டில் உரசும், சுருதி கெடும். நிலைத்த மெட்டு என்ற எண்ணமே வளையாத மரத்தை நம்பி எழுந்தது என்பது நம் கருத்து.

அன்று வெட்டிய பலா அப்படிப்பட்ட மரமன்று. அதன் ஈரம் இரு வகையாகத் தங்கியிருக்கிறது. உயிரணுக்களின் உட்குழியில் நிற்கும் நீர் வெளியேறும்போது மரம் எடை குறையுமேயன்றிச் சுருங்காது. ஈரம், மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியபின் உயிரணுச் சுவரிலுள்ள நீர் நீங்கும். சுருக்கம் அப்போதுதான் தொடங்கும். அதுவும் ஒரே சீராக அன்று. வளையங்களை ஒட்டிய திசையில் நேரும் சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் நேர்வதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. முழு உருளையாக வெயிலில் கிடக்கும் கட்டை வெடிப்பது இதனால்தான். கைதேர்ந்த தச்சர் பச்சை மரத்திலேயே உளி வைத்து, மையத்தைக் குடைந்தெடுத்து, தடித்த உருவாக மட்டும் செதுக்கி நிழலில் விடுவதன் காரணமும் இதுவே. நுண்வேலை பிறகுதான். குடமும் தண்டியும் ஒரே கட்டையில் அமையும் வீணைக்கு இந்தக் காத்திருப்பு இன்னும் கடுமையானது.

உள்ளே வயிரமுடையதை மரம் என்றும், வெளியே வயிரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பலாவின் அகக்காழ் மஞ்சள் நிறமானது. காற்றும் ஒளியும் பட நாளடைவில் செம்பழுப்பாகும். (இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் ஆடைக்குச் சாயம் தந்ததும் இந்த மஞ்சளே.)

வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா தந்துவரும் ஊர் பண்ருட்டி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது அவ்வட்டாரத்தின் முதிர்ந்த பலா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மரம் வேண்டி ஏங்கிய தொழிலுக்கு அது வரமன்றோ என்று எண்ணத் தோன்றும். அன்று. ஒரே இரவில் விழுந்த அத்தனை ஈரமரத்தையும் குடைந்து நிழலில் அடுக்க எத்தனை கைகள், எத்தனை கொட்டகைகள் வேண்டும்!

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல். புயலுக்குப் பின் நட்ட பலாக்கன்றுகள் இன்று காய்க்கும் பருவத்தை எட்டியிருக்கும். ஒரு குடத்துக்கு வேண்டிய அகலம் அவற்றின் காழுக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும்.