வண்டிக் குதிரை சாரி வருமா?

காட்டுப்பள்ளியை ஒட்டியிருக்கிற காமராஜர் துறைமுகத்தில், ஏற்றுமதிக்குக் காத்திருக்கும் புதுக் கார்கள் வரிசை வரிசையாக நிற்கும். இதே கரையில், கொஞ்சம் தெற்கே, 19ஆம் நூற்றாண்டில் சரக்கு எதிர்த் திசையில் வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் மெட்ராஸில் இறங்கின. நியூ சவுத் வேல்ஸ் குதிரை என்பதால் இங்கே அதற்கு 'வேலர்' என்று பேர் விழுந்தது. பட்டாளத்துக்கும் அதுதான், துரைமார் கோச்சு வண்டிக்கும் அதுதான்.

வேலர் ரெண்டு வேலையும் பார்த்தது. ஆனால் ஐரோப்பாவில் வண்டிக்கென்றே தனியாக வளர்த்த இனங்கள் உண்டு. இங்கிலாந்தின் ஹாக்னி, ஹாலந்தின் கெல்டர்லாந்தர், ஜெர்மனியின் ஓல்டன்பர்க். முன்னங்கால் முட்டியை மார்பு வரை தூக்கித் தூக்கி வைக்கும் ஜம்பமான நடை இவற்றின் அடையாளம். இப்படிப்பட்ட குதிரை டிரெஸ்ஸாஜுக்கு ஆகுமா என்பதுதான் என் கேள்வி.

டிரெஸ்ஸாஜ் என்றால் என்ன? 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள களத்தில் சவாரிக்காரர் சொன்னபடி குதிரை நடக்க வேண்டும், ஓட வேண்டும், திரும்ப வேண்டும், நின்ற இடத்திலேயே தாளம் போட வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் மார்க் போடுவார்கள். நமக்கும் இது முழுக்கப் புதிது இல்லை. குதிரைக்கு ஐந்து கதி என்று நம் பழைய உரைகாரர்கள் எண்ணிச் சொன்னார்கள். குதிரையை வட்டமாகச் செலுத்துவதற்குச் 'சாரி' என்றே ஒரு சொல் வைத்திருந்தார்கள்.

முட்டியைத் தூக்கினால் பார்க்க அழகுதானே, மார்க் கிடைக்காதா? இங்கேதான் சிக்கல். வண்டிக் குதிரை பாரத்தை மார்பாலும் தோளாலும் தள்ளுகிறது. முதுகில் யாரும் இல்லை. அதனால் கழுத்து நிமிர்ந்து, முதுகு விறைப்பாக இருந்தாலும் வண்டி ஓடிவிடும். சவாரிக் குதிரை கதை வேறு. முதுகில் ஒரு ஆள் கனம் இருக்கிறது. பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்து அந்தக் கனத்தை வாங்க வேண்டும், முதுகு வில்போல ஏறி ஆட வேண்டும். நடுவர் முன்னங்கால் முட்டியை மட்டும் பார்ப்பதில்லை, பின்னால் இருக்கிற எஞ்சினையும் பார்க்கிறார்.

முட்டி தூக்குகிற குதிரைக்கு நின்ற இடத்தில் தாளம் போடுவது சுலபமாக வரலாம். கால் மேலே போகிறதே தவிர முன்னே போவதில்லை என்பதால், எட்டி வீசி ஓடச் சொன்னால் திணறும். பாய்ச்சல் ஓட்டம் அதைவிடக் கஷ்டம். கோச்சு வண்டியில் யாரும் பாய்ச்சலைத் தினசரி கேட்பதில்லை, அதனால் வளர்த்தவர்களும் அதைப் பார்த்துப் பொறுக்கவில்லை.

இதில் நாகரிக மோகமும் சேர்ந்தது. தலை கீழே வராதபடி இழுத்துக் கட்டும் வாரை வண்டிக் குதிரைகளுக்கு மாட்டினார்கள். ஹாக்னியின் சொந்த ஊரான நார்ஃபோக்கில் பிறந்த அன்னா சிவெல், 1877இல் 'பிளாக் பியூட்டி' நாவலில் அந்த வாரின் கொடுமையைத்தான் எழுதினார். தலையைத் தூக்கிக் கட்டினால் முதுகு பள்ளமாகும். சவாரிக்கு வேண்டியதோ நேர் எதிர்.

அப்படியானால் பதில் 'ஆகாது' என்றுதானே? இன்றைய குதிரையைக் கேட்டால், பெரும்பாலும் ஆமாம். இனத்தைக் கேட்டால், இல்லை.

கார் வந்து கோச்சுக்கு வேலை போனது. டிராக்டர் வந்து வயலிலும் வேலை போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஓல்டன்பர்க்காரர்கள் தங்கள் கனத்த வண்டிக் குதிரையோடு பந்தயக் குதிரை ரத்தத்தைக் கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சவாரிக் குதிரையாக மாற்றினார்கள். ஹாலந்துக்காரர்களும் கெல்டர்லாந்தரையும் குரோனிங்கனையும் வைத்து அதையே செய்தார்கள். முட்டி தூக்கும் வண்டிக் குதிரையையும் விடவில்லை. ஒரே பதிவேட்டு அமைப்புக்குள் அதற்குத் தனிப் பிரிவு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், பழைய கோடைத் தூக்கி எறியாமல் தனிக் கிளையாக வைத்துவிட்டுப் புதுசை எழுதினார்கள்.

மெட்ராஸிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்தது, ஆனால் குதிரையில் இல்லை. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி கோச்சு வண்டி கட்டியது. 1903இல் அதே கம்பெனியில் நீராவிக் கார் செய்தார்கள். பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று வடசென்னையே வண்டி செய்கிற ஊர் ஆனது. வண்டி தன்னை மாற்றிக்கொண்டது, அதை இழுத்த குதிரைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1824இல் பட்டாளத்துக் குதிரைகளுக்காக ஓசூர் அருகே மத்திகிரியில் ஆரம்பித்த பண்ணை, இன்று அரசுக் கால்நடைப் பண்ணை.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கினார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 வருஷம் கழித்து வந்த தங்கம். ஏறியது ஐரோப்பிய இனக் குதிரைகளில். அடுத்த வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அனுஷ் ஏறிய குதிரையின் பெயர் 'சர் கேரமெல்லோ ஓல்ட்'. கடைசியில் இருக்கும் 'ஓல்ட்' வயசைக் குறிப்பது இல்லை, ஓல்டன்பர்க் என்பதன் சுருக்கம்.

ஒரு காலத்தில் பிரபுக்களின் கோச்சை இழுத்த இனத்தின் பெயர், இந்தியக் கொடியோடு ஒலிம்பிக் களத்துக்குள் போயிருக்கிறது. எந்த இனம் எதற்கு லாயக்கு என்பதை அதன் கால் மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலை போன பிறகும் அதை விடாமல் வைத்துப் பொறுக்கி வளர்க்க ஆள் இருந்தார்களா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மெட்ராஸ் தெருவில் ஓடிய குதிரைகளுக்கு அப்படி ஆள் இல்லாமல் போய்விட்டது.