அரசாணை காத்த உயிர்கள்: தற்கொலைத் தடுப்புப் பரப்புரை குறித்த ஓர் ஆய்வு

1. கேள்வி

ஆண்டுதோறும் செப்டம்பர் 10 அன்று உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் வருகிறது. கல்லூரி வாசல்களில் பதாகை கட்டுகிறார்கள், பேரணி போகிறார்கள், மனம்விட்டுப் பேசச் சொல்கிறார்கள். இவற்றைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் இத்தகைய பரப்புரை முழுவதும் துயரத்தில் இருப்பவரை நோக்கியே பேசுகிறது; வாய் திறக்க வேண்டிய பொறுப்பையும் அவர் தலையிலேயே வைக்கிறது. அரசு அலுவலகம், தேர்வுத்துறை, செய்தி அறை ஆகியவற்றை நோக்கிப் பேசிய பரப்புரையும் உண்டு. உயிர்களை அதிகம் காத்தது இந்த இரண்டாம் வகைதான் என்பதே இக்கட்டுரையின் துணிபு. சான்றுகள் இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காவல் நிலையத்தில் பதிவாகாமல் போனவை இதற்கு வெளியே.

2. இலங்கைச் சான்று

1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அந்த மரணங்களில் பெரும்பகுதி வயலுக்கென வாங்கி வீட்டில் வைத்திருந்த பூச்சிமருந்தால் நேர்ந்தவை. இரசாயனங்களின் பெயர்களை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அதற்கான காரணம் ஐந்தாம் பகுதியில் விளங்கும்.

இலங்கைக்கு வாய்ப்பாக அமைந்தது 1980-ஆம் ஆண்டின் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம். எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஒரு பதிவாளரிடம் கொடுத்தது. 1984-இல் முதல் தடைகள் வந்தன. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடிய நச்சு என்று வகுத்தவற்றில் எஞ்சியிருந்தவை 1995-இல் நிறுத்தப்பட்டன. விவசாயிகள் மாற்றாகப் பிடித்துக்கொண்ட இன்னொரு மருந்தாலும் சாவுகள் கூடின; 1998-இல் அதுவும் போனது. 2008-க்கும் 2011-க்கும் இடையில் மேலும் மூன்று விலக்கப்பட்டன. மருத்துவமனைகளில் விஷமுறிவுச் சிகிச்சை செய்த மருத்துவர்கள் எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்று கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்கே தடைக்கு ஆதாரமாயிற்று. பரப்புரை என்று யாரும் பெயரிடாத பரப்புரை அது.

2005-க்குள் விகிதம் ஏறக்குறையப் பாதியானது. 1995-க்கும் 2015-க்கும் இடையில் காக்கப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சல் சரியும் என்ற அச்சம் பலிக்கவில்லை. நெல்லும் காய்கறியும் முன்போலவே விளைந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விஷம் அருந்தி மருத்துவமனைக்கு வந்தோர் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையவில்லை. வந்தவர்களில் இறந்தோரே குறைந்தனர். மனத்துயர் நீங்கியதால் அல்ல, கைக்கு எட்டியது கொல்லும் வீரியம் இழந்ததால் பிழைத்தார்கள். சண்டைக்குப் பின் சில நிமிடங்களில் எடுக்கும் முடிவுகளே இவற்றில் மிகுதி. அந்தச் சில நிமிடங்களைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் சாவதில்லை. “சாக நினைத்தவன் எப்படியும் செத்துப்போவான்” என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

வீட்டுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வும் அனுராதபுரப் பகுதியில் 180 கிராமங்களில் நடந்தது. 2017-இல் வெளியான முடிவின்படி பெட்டியால் பயன் இல்லை. ஒவ்வொரு வீட்டாரின் எச்சரிக்கையை நம்பிய வழி தோற்றது. இறக்குமதியைத் தடுத்த வழி வென்றது.

3. தமிழ்நாட்டுச் சான்று

3.1 தேர்வு முடிவு

சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, தொலைபேசியில் ஆறுதல் தரும் தன்னார்வ அமைப்பாகவே பலருக்குத் தெரியும். அதன் பெரிய சாதனை தொலைபேசிக்கு வெளியே நிகழ்ந்தது. ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டே வீண் என்ற நிலை மாற வேண்டும் என்று அது அரசிடம் எடுத்துச் சொன்னது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் உடனடித் துணைத் தேர்வு வந்தது. ஒரு மாணவியிடம் “தோல்வி முடிவல்ல” என்று அறிவுரை சொல்வதற்கும், தோல்வி உண்மையிலேயே முடிவாகாதபடி விதியைத் திருத்துவதற்கும் உள்ள தொலைவு பெரிது. 2017-இல் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கமும் கைவிடப்பட்டது. சில தனியார் பள்ளிகள் அதைப் பின்வாசல் வழியாக விளம்பரத்தில் கொண்டுவந்துவிட்டன என்பது வேறு கதை.

3.2 பூச்சிமருந்து

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சிநேகா செய்த முயற்சி குறிப்பிடத்தக்கது. மருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில், வங்கி லாக்கர் போன்ற பெட்டிகளில் வைக்கச் செய்தார்கள். சிறிய ஆய்வுதான், பலன் நம்பிக்கை தந்தது. 2022-23-இல் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தியது. நோக்கம் சரி. அறுபது நாள் தடை தடையாகாது.

4. சட்டம்

உயிர் பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது. 1996-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதை மாற்றியது. வழக்குக்குப் பயந்து, “தெரியாமல் குடித்துவிட்டாள்” என்று எழுதச்சொல்லி மருத்துவமனையில் உறவினர் கெஞ்சிய காலம் அப்படியே நீண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. எனினும் அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கும் நோக்கில் முயன்றால் ஓராண்டு வரை சிறை என்று 226-ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்கும் ஏழைதான் இதில் சிக்குவார். இலங்கை இந்தக் குற்றப்பிரிவை 1998-லேயே நீக்கிவிட்டது.

5. செய்தி

வியன்னா மெட்ரோவில் நிகழ்ந்த மரணங்களைப் பத்திரிகைகள் பரபரப்பாக்கியதும், 1987-இல் செய்தி நெறிகள் வந்தபின் அவை சரிந்ததும் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டவை. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் நெறிகள் வெளியிட்டது: முறையை விவரிக்காதே, இடத்தைச் சுட்டாதே, முதல் பக்கத்தில் போடாதே, ஒற்றைக் காரணம் கற்பிக்காதே. நம் நாளிதழ்களில் உதவி எண் இப்போது தவறாமல் வருகிறது. அதற்கு மேலே நான்கு பத்தியில் முழு விவரமும் வருகிறது.

6. எதிர்வாதம்

விதியைத் திருத்தினால் துயரம் தீருமா? தீராது. 2022-இல் இந்திய மரணங்களுக்குக் காவல்துறை எழுதிய காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடமும் நோய் இரண்டாமிடமும் பெற்றன. குடி, கடன், சாதி, திருமணம் ஆகிய எதையும் ஒரு பதிவாளர் தடைசெய்ய முடியாது. அதற்கு மனநல மருத்துவமும் பேச ஆளும் வேண்டும். ஆனால் மருத்துவர் கைக்கு வந்து சேர ஒருவர் முதலில் உயிரோடிருக்க வேண்டும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது வீண்.

7. கோரிக்கை

2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 விழுக்காடு குறைப்பதாக இந்தியா 2022 நவம்பரில் வெளியிட்ட தேசிய உத்தி கூறுகிறது. இலங்கையின் அனுபவத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைந்த இலக்கு. கொடிய நச்சுகளின் மீது நிரந்தரத் தடை, 226-ஆம் பிரிவு நீக்கம், செய்தி நெறியை மீறினால் தண்டனை ஆகிய மூன்றையும் அடுத்த செப்டம்பர் 10 பேரணியின் பதாகைகள் கேட்கட்டும்.

உதவி தேவைப்படுவோர் எந்நேரமும் பேசலாம்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926.