கோபிபோடுகளும் அவற்றைச் சார்ந்த பாக்டீரியாக்களும்

கோபிபோடுகள் இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த மிகச் சிறிய நீர்வாழ் உயிரினங்கள். பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கடல், கழிமுகம், ஏரி, கிணறு, ஈரப்பாசி என நீர் தங்கும் இடமெல்லாம் இவை உண்டு. பெயரிடப்பட்ட இனங்கள் 13,000-க்கும் மேல். பள்ளிப் பாடநூல்களில் வரும் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கடலில் மீன்குஞ்சுகள் முதன்முதலில் உண்ணும் இரையும் பெரும்பாலும் இவற்றின் இளம் பருவங்களே. ஒவ்வொரு கோபிபோடும் தன் ஓட்டிலும் குடலிலும் வெளியேற்றும் எச்சத்திலும் பாக்டீரியாக்களைச் சுமந்து திரிகிறது. விலங்கியலார் மாதிரிகளை ஃபார்மலினில் போட்டு ஓட்டையும் கால்களையும் எண்ணினார்கள். நுண்ணுயிரியலார் நீரை வடிகட்டி, வடிகட்டியில் தங்கிய பூச்சியை வீசிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது.

நார்வேயின் ட்ரோன்ஹெய்ம் நகர பிஷப் யோஹான் எர்ன்ஸ்ட் குன்னெரஸ், வடகடல்களில் கூட்டங்கூட்டமாகத் திரியும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் இனத்தை 1770-ல் விவரித்தார். டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெடெரிக் முல்லர் 1785-ல் வெளியிட்ட நூலில், முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைத் தனி உயிரினம் என்றே கருதி ‘நாப்ளியஸ்’ என்று பெயரிட்டார். கருத்து தவறானது; பெயர் மட்டும் இளம் பருவத்தைக் குறிப்பதாக இன்றும் நிற்கிறது. முழுப் பிரிவுக்கும் கோபிபோடா என்ற பெயரை 1840-ல் பிரான்சின் ஆன்றி மில்ன்-எட்வர்ட்ஸ் தந்தார்.

நம் கடலும் இந்த வரலாற்றில் இடம்பெறுகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் படுகைகளை ஆராய 1902-ல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் திரட்டிய கோபிபோடுகள் மறுவருடமே தனி அறிக்கையாக வெளிவந்தன. அதே வளைகுடாவின் மேற்பரப்புக் கோபிபோடுகளைப் பற்றி சீமோர் சிவெல் 1914-ல் எழுதினார். இவை எல்லாம் உடலமைப்புப் பட்டியல்கள். நோய்க்கும் இந்தப் பூச்சிக்கும் உள்ள தொடர்பு வேறு வழியாக வந்தது. 1870 வாக்கில் துருக்கிஸ்தானில் அலெக்சி ஃபெட்சென்கோ, நரம்புச் சிலந்தி நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சு சைக்ளோப்ஸுக்குள் வளர்வதைக் கண்டார். அந்த அறிவு பிற்காலத்தில் இந்தியாவில் நேரடியாகப் பயன்பட்டது: படிக்கிணறுகளில் டெமிஃபாஸ் மருந்து தெளித்து சைக்ளோப்ஸைக் கொன்றார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை இந்நோயற்ற நாடாக அறிவித்தது.

பாக்டீரியாவின் பக்கம் கவனம் திரும்பியது காலராவால். ராபர்ட் காக் 1884-ல் கொல்கத்தாவில் இந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஒரு கேள்வி மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது: இரண்டு கொள்ளைநோய்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் கிருமி எங்கே போய் ஒளிகிறது? அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1970-களில் வேலை செய்த ரீட்டா கோல்வெல் குழு, காலராவின் உறவான விப்ரியோ பாக்டீரியாக்கள் கோபிபோடுகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு பெருகுவதைக் கண்டது. ஓடு கைட்டினால் ஆனது. விப்ரியோவுக்குக் கைட்டின் உணவு, கூடவே ஒண்டுமிடம். 1983-ல் அன்வர் ஹக்கும் சகாக்களும் காலராக் கிருமியே கோபிபோடுகளோடு, குறிப்பாக வாய்ப்பகுதியிலும் முட்டைப்பையிலும், நெருங்கி வாழ்வதைக் காட்டினார்கள். முந்தைய ஆண்டிலேயே அதே ஆய்வு வட்டம், வளர்ப்பு ஊடகத்தில் முளைக்காத கிருமியும் உயிரோடு இருக்கக்கூடும் என்று நிறுவியிருந்தது. தட்டில் முளைக்கவில்லை என்பதால் நீர் சுத்தம் என்று சொல்லிவந்த பழைய ஆய்வறிக்கைகள் பல அதன்பின் சந்தேகத்துக்குரியவையாயின.

வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்த சோதனை இந்த வரலாற்றிலேயே சுவையானது. 65 கிராமங்களில் சுமார் 1,33,000 பேர் சேர்ந்த அந்த ஆய்வில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிகட்டினார்கள். புதுச் சேலையைவிடப் பழையதே மேல். துவைத்துத் துவைத்து நூல் பிசிறி விரிந்ததால் கண்கள் ஏறத்தாழ 20 மைக்ரானாகச் சுருங்கிவிடும். தனியாக நீந்தும் பாக்டீரியா அந்தக் கண்ணில் சுளுவாக நுழைந்துவிடும். கோபிபோடு நுழையாது, அதன்மேல் ஏறியிருக்கும் கூட்டமும் அதோடு தங்கிவிடும். 2003-ல் வெளியான முடிவின்படி, வடிகட்டிய வீடுகளில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. ஆய்வுக்கூடக் கருதுகோள் ஒன்றுக்கு அடுப்படியிலிருந்து இவ்வளவு தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சுமப்பவர் காப்பவராகவும் இருக்கிறார். நீரைச் சுத்திகரிக்கப் பயன்படும் படிகாரம், ஓசோன் போன்றவை தனித்து நீந்தும் பாக்டீரியாவைத் தாக்கும் அளவுக்கு, கோபிபோடில் ஒட்டியவற்றைத் தாக்குவதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. குடலோ இன்னும் ஒதுக்கமான இடம். ஆர்க்டிக் கலானஸ்களின் குடலில் ஊசிமுனை உணர்விகளைச் செருகி 2011-ல் அளந்தபோது, நடுவில் ஆக்சிஜனே இல்லை. மேற்பரப்பு நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் ஆக்சிஜனை வெறுக்கும் பாக்டீரியாக்கள் அங்கே எப்படிப் பிழைக்கின்றன என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை. எல்லாப் பாக்டீரியாக்களும் நிரந்தரக் குடித்தனக்காரர்கள் அல்ல. மரபணு வரிசை ஆய்வுகள் சில வகைகள் எப்போதும் இருப்பதையும், மற்றவை உணவுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவதையும் காட்டியுள்ளன. தோலுரிக்கும்போது ஓட்டோடு ஒட்டியவையும் கழன்றுவிடுகின்றன.

மாசுக்கள் பற்றிய ஆய்வு இதற்கு இணையாக, ஆனால் தொடாமல், வளர்ந்தது. 1970 பிப்ரவரியில் கனடாவின் செடபக்டோ விரிகுடாவில் ‘ஆரோ’ என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. அங்கே ராபர்ட் கோனோவர் பார்த்தது: கோபிபோடுகள் எண்ணெய்த் துளியைப் பாசி என்று விழுங்குகின்றன, பெரிய பாதிப்பு தெரியாமலே அதை எச்சத்தில் பொதிந்து வெளித்தள்ளுகின்றன. அந்த எச்சம் கடலடிக்கு மூழ்குகிறது. செத்ததா பிழைத்ததா என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த விஷயம் கண்ணில் பட்டிருக்காது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் சாக்கடை வெளியேறும் இடத்தருகே ஆண், பெண் உறுப்புகள் கலந்த ஹார்ப்பாக்டிகாய்டு என்ற வகைக் கோபிபோடுகள் கண்டறியப்பட்டது 1991-ல் வெளிவந்தது. பிளிமத்தில் மேத்யூ கோல் குழு 2015-ல் 20 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளைக் கலானஸுக்கு ஊட்டியபோது, அவை குறைவாக உண்டன. இட்ட முட்டைகள் சிறுத்தன, குஞ்சு பொரிப்பும் குறைந்தது. மறுவருடம் அதே குழு, பிளாஸ்டிக் கலந்த எச்சம் மெதுவாகவே மூழ்குவதைக் காட்டியது.

எச்சத்தில்தான் இரு வரலாறுகளும் கைகோத்தன. அது மெல்லிய சவ்வால் சுற்றிய பொதி. உள்ளே செரியாத பாசி, மாசு, பாக்டீரியா மூன்றும் உண்டு. நார்வே ஆய்வாளர்கள் எண்ணெய் சிதறிய நீரில் வளர்த்த கலானஸின் எச்சத்திலிருந்த பாக்டீரியாக் கூட்டத்தை ஆராயத் தொடங்கினார்கள். எண்ணெயை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை விலங்கு தீர்மானிக்கிறது. அங்கே அதைச் சிதைப்பது பாக்டீரியா.

நடைமுறை விதிகள் இந்த வேகத்தில் நகரவில்லை. கடல்நீரின் நச்சுத்தன்மையை அளக்க 1999-ல் வந்த ஐஎஸ்ஓ 14669 தரமுறை, அகார்ஷியா டோன்சா, டிஸ்பே பட்டாக்லியாய், நிடோக்ரா ஸ்பினிபெஸ் ஆகிய கோபிபோடுகளில் 48 மணி நேரத்தில் எத்தனை மடிகின்றன என்று எண்ணுகிறது. எளிது, மலிவு, ஒப்பிட உகந்தது. சோதனைக்கு முன் அவற்றின் குடலில் எந்தப் பாக்டீரியாக்கள் இருந்தன என்பது அதில் எண்ணப்படுவதில்லை. வளர்ப்புத் தொட்டியில் ஊற்றும் பாசியோடு அவையும் சேர்ந்தே வருகின்றன. எந்த ஆய்வுக்கூடத்தில் எந்தப் பாசியை ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கூட்டமும் மாறும்.