ஆற்றைக் கடந்த பந்து

பந்து என்றால் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் தென்பகுதி ஜனங்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுடைய பந்து மட்டை உரித்த தேங்காயைப் போல் இருபுறமும் கூம்பியிருக்கும். மைதானமும் நீள்வட்டந்தான். கட்சிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. நாலு கம்பங்களில் நடு இரண்டுக்குள் உதைத்துவிட்டால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனாலும் 1 புள்ளி உண்டு. குறி சற்றே தப்பியவனுக்கும் ஏதோ கொடுத்து அனுப்புகிற இந்தத் தாராளம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

1859-ல் மெல்போர்ன் நகரத்தில் எழுதிய விதிகளிலிருந்து பிறந்த ஆட்டம் இது. ஆனால் இதன் உயிர் கிராமாந்தரங்களில் இருக்கிறது. அங்கே சின்னஞ் சிறு ஊருக்குக்கூட ஒரு பந்தாட்ட சங்கம் உண்டு. சனிக்கிழமை பிற்பகல் ஊர் முழுவதும் மைதானத்தில் கூடிவிடும். நம் பக்கத்தில் தேர் நிலையைச் சுற்றி ஊர் நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் இருக்கிறது, ஆகவே சங்கம் இருக்கிறது. ஆனால் ஊரையே பிடுங்கிக் கொண்டால்?

மரே நதி நியூ சௌத் வேல்ஸையும் விக்டோரியாவையும் பிரிக்கிறது. அதன் வடகரையில் கம்மரகஞ்சா என்று ஓர் இடம். யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி மக்களின் பாஷையில் 'எங்கள் வீடு' என்று பொருளாம். பக்கத்து மலோகா மிஷனில் இருந்தவர்கள் 1888-ல் இங்கே குடிவந்தார்கள். காடு திருத்தி உழுது பயிரிட்டார்கள். குடும்பம் குடும்பமாகக் கொடுத்த விளைநிலங்களை 1907-ல் அரசாங்கத்துப் 'பாதுகாப்பு' போர்டு திரும்ப எடுத்துக்கொண்டது. 1915-ல் வந்த சட்டம், கோர்ட்டுக்குப் போகாமலே குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போகப் போர்டுக்கு அதிகாரம் கொடுத்தது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பதை நான் அகராதியில் பார்த்ததில்லை.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தாமஸ் ஷத்ராக் ஜேம்ஸ். மொரீஷியஸ் தீவில் பிறந்தவர், இந்திய வம்சம், தமிழ்வழி வந்தவர் என்று சொல்கிறார்கள். 1881-ல் மலோகாவுக்கு வந்து, அந்த மக்களுக்குள்ளேயே பெண் கட்டி, அவர்களில் ஒருவராகவே வாழ்ந்து மறைந்தார். போர்டு எதிர்பார்த்த கல்வி, கூலி வேலைக்குப் போதுமான கல்வி. வாத்தியார் கற்றுக் கொடுத்ததோ, மகஜர் எழுதுகிற கல்வி. பின்னால் பழங்குடி மக்களின் உரிமைக்காக வாதாடிய தலைவர்களில் பலர் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

உழுத நிலமும் பெற்ற பிள்ளையும் நிச்சயமில்லாத அந்த ஊரில் ஒரு பந்தாட்ட சங்கம் இருந்தது. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து வெள்ளைக்கார ஊர்களோடு மோதிற்று. கோப்பைகளும் வென்றது. மானேஜர் கொடுக்கிற ரேஷனை வாங்கித் தின்ன வேண்டியவர்கள், மைதானத்தில் மட்டும் பதினெட்டுக்குப் பதினெட்டாக நின்றார்கள். அங்கே புள்ளியை எண்ணுவதற்குப் போர்டின் அனுமதி தேவைப்படவில்லை.

அந்த மைதானத்திலிருந்து புறப்பட்டவர்தான் டக் நிக்கல்ஸ். 1906-ல் பிறந்தவர். எட்டு வயதில், தம் அக்காளைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்த பிள்ளை. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். ஓட்டமோ குதிரை ஓட்டம். மெல்போர்னில் ஒரு பெரிய சங்கத்தில் முயன்று பார்த்தார். உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் அவரைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். 'தொடமாட்டோம்' என்ற வார்த்தை நமக்குப் புதிதல்லவே! நார்த்கோட் சங்கம் சேர்த்துக்கொண்டது. 1932-ல் ஃபிட்ஸ்ராய் சங்கத்துக்குப் போனார். அங்கே உடை மாற்றும் அறையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஹேடன் பண்டன். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் சிகரம் போன்றவர். பக்கத்தில் வந்து உட்காருவது பெரிய காரியமா என்று கேட்காதீர்கள். தனியாக உட்கார்ந்திருந்தவரைக் கேட்க வேண்டும். 1935-ல் நிக்கல்ஸ் விக்டோரியா மாகாணத்துக்கே ஆடினார். பிற்காலத்தில் பாதிரியாராகி, 'ஸர்' பட்டம் பெற்று, 1976-ல் தென் ஆஸ்திரேலியாவின் கவர்னருமானார். 1988-ல் காலமானபோது அடக்கம் செய்தது கம்மரகஞ்சா மண்ணில்தான்.

அதற்குள் அந்த ஊர் என்ன ஆயிற்று? 1939 பிப்ரவரி 4-ஆம் தேதி, மானேஜரின் கொடுமையும் போதாத உணவும் நோயும் தாங்காமல், 150-க்கு மேற்பட்டவர்கள் மூட்டை முடிச்சோடு மரே நதியைக் கடந்து விக்டோரியாவுக்குள் போனார்கள். ஆற்றங்கரையில் முகாம் போட்டுக்கொண்டு, திரும்ப மறுத்தார்கள். பலர் கடைசிவரை திரும்பவேயில்லை.

போனவர்களில் பல குடும்பங்கள் ஷெப்பர்ட்டனுக்கும் மூருப்னாவுக்கும் நடுவே, வெள்ளம் புகுகிற தாழ்ந்த நிலத்தில், தகரத்தையும் சாக்கையும் வைத்துக் குடிசை போட்டன. பழத்தோட்டங்களில் கூலி வேலை. 1954-ல் எலிஸபெத் ராணி அந்த வழியே போனபோது, குடிசைகள் கண்ணில் படாதபடி சாக்குப் படுதா கட்டி மறைத்தார்கள். 1958-ல் மூருப்னாவில் பத்துக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு ரம்பலாரா என்று பெயர்; 'வானவில்லின் முடிவு' என்று அர்த்தம் சொல்கிறார்கள்.

தனித் தனி ஆட்டக்காரர்களை மற்றச் சங்கங்கள் சேர்த்துக்கொண்டதுண்டு. நன்றாக ஓடுகிற காலுக்கு எங்கேயும் வரவேற்பு இருக்கும். ஆனால், "எங்கள் பெயரில், எங்கள் சங்கமாக வருகிறோம்" என்று கேட்டபோது வட்டார லீக்குகள் கதவைத் திறக்கவில்லை. பல முறை கேட்டார்கள். பல முறை மறுப்பு வந்தது. தாத்தாக்களுடைய சங்கம் ஆடிய ஆட்டத்தைப் பேரன்மார் ஆடுவதற்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் ரம்பலாரா சங்கத்தை லீக்கில் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கு நெட்பால், ஆண்களுக்குப் பந்தாட்டம், இரண்டும் ஒரே சங்கத்தில். மைதானம் ஷெப்பர்ட்டனில், தாழ்நிலத்துக் குடிசைகள் இருந்த இடத்துக்கு வெகு தூரமில்லை.

மறு வருஷமே, 1998-ல், ஆண்கள் கோப்பையை வென்று வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.