புற்றுநோய்க் கட்டிக்குக் காவல் நிற்கும் நமது செல்கள்: சிகிச்சையில் மும்பை காட்டிய வழி

மும்பை: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கே புற்றுநோய் வருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், பல நோயாளிகளின் உடலில் புற்றுச் செல்களை அழிக்கவல்ல டி செல்கள் இருக்கவே செய்கின்றன. கட்டிக்கு அருகே சென்றதும் அவை செயலிழந்து விடுகின்றன. அவற்றை அடக்கி வைப்பவையும் அதே உடலின் செல்கள்தாம்.

இவற்றுள் முதன்மையானவை 'ஒழுங்குமுறை டி செல்கள்'. எதிர்ப்பு மண்டலம் வரம்பு மீறி, சொந்த உறுப்புகளையே தாக்கிவிடாமல் தடுப்பது இவற்றின் பணி. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி 1995-ஆம் ஆண்டு இவற்றை அடையாளம் காட்டினார். இவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை அமெரிக்காவின் மேரி புருன்கோவும் பிரெட் ராம்ஸ்டெல்லும் கண்டறிந்தனர். மூவருக்கும் 2025-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் காவலர்களைக் கட்டி தன் பக்கம் ஈர்த்துக் கொள்கிறது. டி செல்கள் பெருகத் தேவையான இன்டர்லூகின்-2 என்ற புரதத்தை இவை உறிஞ்சி விடுகின்றன. தாக்குதலைத் தணிக்கும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் வேறு சில அடக்கும் செல்கள், டி செல்களுக்கு இன்றியமையாத ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கின்றன. சுருங்கச் சொன்னால், படைவீரர்களுக்குச் சோறு கிடைக்காமல் செய்யும் உத்தி.

இந்தத் தடையை விலக்கும் மருந்துகள் வந்துவிட்டன. டி செல்களின் 'பிரேக்'காகச் செயல்படும் சிடிஎல்ஏ-4, பிடி-1 ஆகிய புரதங்களை முடக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோன்ஜோ இருவரும் 2018-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். சிடிஎல்ஏ-4 புரதம் ஒழுங்குமுறை டி செல்களின் மேற்பரப்பில் மிகுதியாக உள்ளது. ஆனால் இம்மருந்துகளின் விலை இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டாதது.

மருந்தளவைக் குறைத்தால் பலன் கிடைக்குமா? தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான பரேல் டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். தலை, கழுத்துப் பகுதியில் முற்றிய புற்றுநோய் கொண்ட 151 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், எர்லோடினிப் மாத்திரைகளை மட்டும் உட்கொண்டனர். மற்றொரு பிரிவினருக்கு அவற்றுடன், பிடி-1 தடுப்பு மருந்தான நிவோலுமாப் 3 வாரங்களுக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் செலுத்தப்பட்டது. வழக்கமான அளவு 2 வாரங்களுக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். அதாவது 6 வாரங்களில் 720 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 40 மில்லிகிராம்.

ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்களின் விகிதம் முதல் பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் பெற்றவர்களிடம் 43.4 சதவீதம். இந்த முடிவுகள் 2022-ஆம் ஆண்டு வெளியாயின. இது நோயை முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சை அன்று. ஆயினும், வாய்ப் புற்றுநோய் மிகுந்த நாட்டில் இந்த வேறுபாடு சிறியதன்று. மாத்திரைகளுள் ஒன்றான செலிகாக்சிப், அடக்கும் செல்களை வளர்க்கும் ஒரு வேதிப்பொருளின் உற்பத்தியைக் குறைக்கக் கூடியது என்பதும் கவனிக்கத்தக்கது.

ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற 'நெக்ஸ்கார்19' என்ற கார்-டி சிகிச்சை இரத்தப் புற்றுநோய்க்கானது. நோயாளியின் டி செல்களை ஆய்வகத்தில் மாற்றியமைத்து மீண்டும் செலுத்தும் முறை இது. இத்தகைய சிகிச்சையில், செல்களைச் செலுத்தும் முன் சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளால் பழைய வெள்ளையணுக்கள் குறைக்கப்படும். ஒழுங்குமுறை டி செல்களும் அப்போது குறைவதால், புதிய செல்கள் பெருக இடம் கிடைக்கிறது. நுரையீரல், கணையம் போன்ற உறுப்புகளின் கட்டிகளில் கார்-டி இன்னும் பெரிதாக வெற்றி பெறாததற்கு, அங்கே திரண்டிருக்கும் அடக்கும் செல்களும் ஒரு காரணம்.

அப்படியானால் அவற்றை அடியோடு ஒழித்துவிடலாமே எனத் தோன்றும். அவ்வாறு செய்தால் எதிர்ப்பு மண்டலம் குடல், நுரையீரல், தைராய்டு எனச் சொந்த உறுப்புகளைத் தாக்கத் தொடங்கும். பிரேக்கை விலக்கும் மருந்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. எனவே, அவற்றைப் பெறுவோர் தொடர் வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், கடும் சோர்வு ஆகியவற்றைச் சாதாரணமாகக் கருதாமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பாதிப்பு கடுமையானால் மருந்து நிறுத்தப்பட்டு ஸ்டீராய்டு தரப்படும். தட்டி எழுப்பிய எதிர்ப்பாற்றலை மீண்டும் அடக்குவதற்கான மருந்து அது.