தையல் இயந்திரமும் ஒட்டுப் போர்வையும்

நம் தோட்டங்களிலும் பட்டினங்களிலும் பாட்டிமார் விட்டுச் சென்ற தையல் இயந்திரம் ஒன்று இன்னும் சில வீடுகளின் மூலையிற் கிடக்கக் காணலாம். கருநிற உடல், அதன்மேற் பொன்னிறக் கொடிகள், கீழே இரும்பு மிதி, நடுவே 'சிங்கர்' என்னும் பெயர். ஊர்ப் பேச்சில் அப்பெயரே இயந்திரத்துக்கும் பெயராயிற்று. ஆதலின் அதனை முதன்முதல் ஆக்கியவரும் சிங்கரே என நம்மவர் கருதுவது வியப்பன்று.

அவ்வாறு கருதியோருள் காந்தியடிகளும் ஒருவர். பின்னாளில் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமம் கண்ட ஜி. இராமச்சந்திரன், 1924ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்து மாணாக்கராயிருந்தபோது, இயந்திரம் எதுவும் தங்களுக்கு ஆகாதோ என்று அடிகளை வினவினார். விலக்குக்கு உரியதாக அடிகள் எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் இயந்திரத்தையே. மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்தக் கண்ட சிங்கர், அவள்பாற் கொண்ட அன்பினால் அதனை ஆக்கினார் என்றும் அவர் சொன்னார். கதை அழகியதே. ஆனால் சரித்திரம் அதற்கு உடன்படவில்லை.

ஐசக் சிங்கர் நாடக மேடையை நாடித் திரிந்தவர். 1850ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், பிறர் ஆக்கிய தையல் இயந்திரத்தின் குறைகளைக் கண்டு திருத்தி அமைத்தார். மறு ஆண்டு பேடண்ட் என்னும் தனியுரிமையும் பெற்றார். அவருடைய இல்வாழ்க்கையோ, ஒருத்திக்குத் தெரியாமல் மற்றொருத்தியோடு குடித்தனம் நடத்தி, இருபதுக்கு மேற்பட்ட மக்களைப் பெற்ற வாழ்க்கை. மனையாள் விரல் நோவக் கண்டு உருகினார் என்னும் புகழை அவர் தலையிற் சூட்டுதல் பொருந்துமா?

அக்கதைக்குச் சற்றேனும் உரியவர் எலியாஸ் ஹோ என்பவர். அவர் உடல்நலங் குன்றிக் கிடந்த நாட்களில் அவர் மனைவி பிறர் துணிகளைத் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார். 1846 செப்டம்பர் 10ஆம் நாள் ஹோ தனியுரிமை பெற்றார், வாங்குவார்தாம் இல்லை. பொருள் தேடி இங்கிலாந்து சென்று, அங்கும் ஏமாந்து, 1849ஆம் ஆண்டில் வறியவராய்த் திரும்பிய அவர் கண்டது காசநோயால் இறக்குந் தறுவாயிற் கிடந்த மனைவியை. 1854இல் வழக்காடி வென்றார், பெருஞ்செல்வம் வந்தது. அச்செல்வத்தைக் காண அவ்வம்மையார் இல்லை.

இவர்களுக்கும் முன்னே வால்டர் ஹண்ட் என்னும் அமெரிக்கர் 1830களில் ஓர் இயந்திரம் செய்தார். தையலால் வயிறு வளர்க்கும் ஏழைப் பெண்டிர் பிழைப்பு என்னாகும் என்று மகள் தடுக்கவே, அதற்குத் தனியுரிமை நாடாமல் விட்டார் என்பர். பிரான்சு தேசத்திலோ தையற்காரரே அவ்வினாவை எழுப்பினர். 1831ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் படைவீரர் உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த தீமோனியே என்பவரது சாலைக்குட் புகுந்து, ஏறக்குறைய எண்பது இயந்திரங்களை உடைத்து நொறுக்கினர். அவர்களை அறிவிலிகள் என்று இகழ்வது எளிது. கையால் 14 மணி 26 நிமிஷம் பிடித்த ஆடவர் சட்டை ஒன்று இயந்திரத்தில் 1 மணி 16 நிமிஷத்தில் முடியும் என்று அமெரிக்கக் கம்பெனியார் பின்னர்க் கணக்கிட்டுக் காட்டினர். மிஞ்சிய பதின்மூன்று மணி நேரம் தையற்காரிக்கு ஓய்வாய்க் கிடைத்ததா என்றால், இல்லை. சட்டை ஒன்றுக்கு உரிய கூலி குறைந்தது. தைக்க வேண்டிய சட்டைகள் பெருகின. பலர் இயந்திரத்தையும் தவணைக் கடனில் தாமே வாங்க நேர்ந்தது. அத்தவணை முறையை 1856இல் சிங்கர் கம்பெனியில் தொடங்கியவர் எட்வர்ட் கிளார்க் என்னும் வழக்கறிஞர்.

நிற்க. கூலிக்குத் தைத்தவர் நிலை இதுவாக, தன் வீட்டில் தன் விருப்பப்படி தைத்தவள் கையில் அதே இயந்திரம் வேறு பயன் தந்தது. அமெரிக்க மாதர் பயின்ற ஒட்டுப் போர்வைக் கலையை இங்கே குறிக்கிறேன். மேலே பல நிறத் துண்டுகளால் ஆன துணி, நடுவிற் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவத் தைப்பது அப்போர்வை. பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் நம் வழக்கத்துக்கு அது தூரத்து உறவு எனலாம்.

ஹாரியட் பவர்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி ஜார்ஜியா நாட்டில் 1837ஆம் ஆண்டில் அடிமையாய்ப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் கணவரோடு ஏதென்ஸ் என்னும் ஊரருகே சிறு நிலம் உழுது வாழ்ந்தார். அவர் தைத்த போர்வை ஒன்று 1886ஆம் ஆண்டு அவ்வூர்ப் பருத்திப் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. அதில் பதினொரு கட்டங்கள். ஆதாம் ஏவாள் முதலாகக் கிறிஸ்துவின் சிலுவைப்பாடு ஈறாக விவிலியக் கதைகள். வெட்டிய துணி உருவங்களைக் கையாலும் இயந்திரத்தாலும் தைத்து ஒட்டியிருந்தார். கையால் தைத்ததே கலை, இயந்திரத் தையல் கலப்பு என்று மூக்கைச் சுளிப்போர் இதனைக் காண வேண்டும்.

ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை அதனை விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தாரேன் என்றார் ஹாரியட். சில ஆண்டுகளுக்குப் பின் காலம் கொடிதாகவே, ஒரு நாள் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். மடியில் போர்வை, அதைச் சுற்றித் தூய மாவுச் சாக்கு, அதன்மேல் இன்னொரு சாக்கு. பத்து டாலர் கேட்டார். தம்மிடம் ஐந்தே உண்டு என்றார் ஆசிரியை. கணவரோடு கலந்து, வேறு வழியின்றி, ஐந்து டாலருக்கே கொடுத்தார். அஃது 1891ஆம் ஆண்டு. மிஞ்சும் துண்டுத் துணிகளையெல்லாம் எடுத்து வைத்துத் தருகிறேன் என்று ஆசிரியை சொன்னபின்பே அவர்க்குச் சிறிது ஆறுதல் உண்டாயிற்று. பின்னரும் அப்போர்வையைப் பார்ப்பதற்கென்றே அவ்வீட்டுக்குப் பன்முறை வந்து போனார். பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுத்தவள் செயல் அது.

அவர் தைத்தவற்றுள் இன்று நின்று நிலவும் போர்வைகள் இரண்டே. மற்றொன்றில் 1833 நவம்பர் 13ஆம் இரவு பொழிந்த விண்மீன் மாரி உண்டு. தாம் பிறவா முன் நிகழ்ந்ததை முதியோர் வாய்மொழியால் அறிந்து துணியில் எழுதினார். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு ஐந்நூறு மைல் ஓடிய பன்றி ஒன்றும் அதில் உண்டு. அதன் பெயர் பெட்ஸ். வடதிசை நோக்கி ஓடிய அந்தப் பன்றியில், தப்பி ஓடிய அடிமைகளைக் கண்டோர் உளர். முதற் போர்வை வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிசாலையிலும் இரண்டாவது பாஸ்டன் நகரத்துக் காட்சிசாலையிலும் உள்ளன. ஹாரியட் 1910ஆம் ஆண்டு மறைந்தார். அவர் கல்லறைக் கல்லை 2005ஆம் ஆண்டிலேதான் மீண்டும் கண்டெடுத்தனர்.

அவர் பெயர் நமக்குக் கிடைத்தது எதனால்? கட்டந்தோறும் அவர் கூறிய விளக்கத்தை ஆசிரியை கேட்டு எழுதி வைத்ததனால். எழுதி வைக்கப்படாத கைகள் எத்தனை! இயந்திரத்தைச் செய்த கைகளையே நோக்குக. தோட்டத்துச் செக்ரோலில் ஆளுக்கு ஓர் எண் இருப்பதுபோல் சிங்கர் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அவ்வெண்ணின் முன் ஓர் எழுத்தும் வரும். எஃப் எனில் ஸ்காத்லாந்தில் கிளைட்பேங்க் நகரத்துக் கில்போவி ஆலை. ஜி எனில் அமெரிக்காவின் எலிசபெத் நகரம். எண்ணைக் கொண்டு ஆண்டையும் அறியலாம். செய்தவர் யாரென அறிதல் ஆகாது.

நம் நாட்டுக்கு வந்தவற்றுட் பல கில்போவியிற் பிறந்தவை. 1913ஆம் ஆண்டில் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் அங்கிருந்து வெளியேறின. அதற்கு ஈராண்டு முன், 1911 மார்ச்சு மாதத்தில், மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பெண்கள் பன்னிருவர் வேலையை விட்டு வெளியே வந்தனர். வேலையைக் கூட்டிக் கூலி குறையும்படி செய்ததே காரணம். சில நாட்களில் ஏறக்குறைய 11,000 தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அவர் பின் நின்றனர். மூன்று வாரம் ஆலை ஓயவே, மீண்டும் வர விரும்புவோர் எழுதுக என்று கம்பெனியார் வீடுதோறும் தபால் கார்டு அனுப்பினர். வேலைநிறுத்தம் முறிந்தது, முன்னின்றோர் முதலாக ஏறக்குறைய 400 பேர் நீக்கப்பட்டனர். அவ்வாலை 1980ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் 'சிங்கர்' என்றே பெயர். மெருகிட்ட பன்னிருவர் பெயரால் நிலையம் ஏதும் இல்லை.

பழைய இயந்திரத்தைச் செப்பனிடும் பொழுதுபோக்கு இப்போது பலரிடம் பரவி வருவதால் இவற்றைச் சொல்ல நேர்ந்தது. இறுகி நின்ற இயந்திரம் பெரும்பாலும் கெட்டதன்று. பழைய எண்ணெய் உலர்ந்து பசையாகிப் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு, ஓரிரவு ஊறவிட்டுச் சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் இளகும். பின்னர் மிஷின் எண்ணெய் இட வேண்டும். தோல் வாரைப் புதிதாக மாற்றுதல் நன்று. கருநிற உடலின் மேற்பூச்சில் சாராயச் சத்துள்ள ஸ்பிரிட்டைத் தேய்க்கலாகாது. அரக்குப் பூச்சு கரைந்து, பொன்னிறக் கொடிகள் வெளுத்துப் போகும். மரப்பெட்டியை உப்புத்தாளால் உராய்ந்து புதிதுபோல் ஆக்கும் ஆசையையும் நான் மெச்சேன். அங்கே உரிந்து போவது அத்தகைய பெண்களின் கைவேலை.

இழுப்பறையைத் திறக்கும்போது முறிந்த ஊசி, காலியான பாபின், ஜோடியற்ற பொத்தான், மடித்த துணித்துண்டு முதலியன இருக்கும். அவற்றைக் கொட்டிவிட வேண்டா. வீட்டில் முதியோர் இருந்தால், இயந்திரத்தை வாங்கியவர் யார், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டில் வாங்கினார், யார் யாருக்கு என்னென்ன தைத்தார் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி, இயந்திரத்தின் எண்ணையும் குறித்து, அத்துணித்துண்டோடு அவ்விழுப்பறையிலேயே வைத்துவிடுக.