புல்வெளின்னு பேர் வெச்ச ஊர், புல்லைப் பிடுங்கின கதை

உங்கள்ல பல பேர் கேட்ட கேள்வி இது: "மாடித்தோட்டம் போட ஆசை. ஆனா எங்க அபார்ட்மென்ட்டே லாரி தண்ணியிலதான் ஓடுது. போடலாமா, வேண்டாமா?"

எனக்கும் இந்தக் கேள்வி உண்டு. 2019 ஜூன்ல சென்னையோட ஏரிகள் வறண்டப்போ, எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்ல "செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்"னு மெசேஜ் வந்துச்சு. அம்மா வளர்த்த 14 தொட்டியில மிஞ்சினது மூணு. அதுல ஒண்ணு கற்றாழை. அம்மா ஒரு வாரம் மொட்டை மாடிப் பக்கமே போகல.

இதே கேள்வியை ஒரு ஊரே கேட்டுக்கிட்ட கதைதான் இன்னைக்கு. அமெரிக்காவின் லாஸ் வேகஸ்.

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். பாலைவனத்துக்கு நடுவுல இயற்கை ஊற்றுகள் இருந்ததால வந்த பேர். சென்னையில வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே சுமார் 100. ஊர் பெருசாகப் பெருசாக நிலத்தடி நீரை உறிஞ்சித் தள்ளினாங்க. 1962-ல அந்த ஊற்றுகள் நின்னே போச்சு.

அப்புறம் கொலராடோ நதிதான் கதி. ஆனா அதுல ஒரு சிக்கல். 1922-ல மாநிலங்கள் நதி நீர் ஒப்பந்தம் போட்டப்போ லாஸ் வேகஸ் சில ஆயிரம் பேர் வாழ்ந்த ரயில்வே ஊர். 1928-ல வந்த சட்டத்தின் கணக்குப்படி கலிஃபோர்னியாவுக்கு சுமார் 192 டிஎம்சி, லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடாவுக்கு சுமார் 13 டிஎம்சி. கிருஷ்ணா ஒப்பந்தத்துல தமிழ்நாடு எல்லையில தரணும்னு எழுதின 12 டிஎம்சிக்குப் பக்கத்துல வர்ற அளவு. ஊர் பல மடங்கு வளர்ந்தும் அந்த எண் மாறவே இல்லை.

இவ்வளவுக்கும் நடுவுல வீட்டுக்கு வீடு பச்சைப் புல்தரை! மழை நாடான இங்கிலாந்தோட பழக்கம் பாலைவனத்துல வந்து உட்கார்ந்திருந்துச்சு.

மாற்று யோசனை டென்வர்ல இருந்து வந்தது. 1981-ல அந்த நகரத்தோட குடிநீர் அமைப்பு 'ஜெரிஸ்கேப்'னு ஒரு வார்த்தையை உருவாக்கிச்சு. 'ஜெரோஸ்'னா கிரேக்கத்துல வறண்டது. அதுல ஏழு விதிகள். முதல்ல பேப்பர்ல திட்டம் போடு. மண்ணைத் தேத்து. புல் தேவையான இடத்துல மட்டும். ஒரே அளவு தண்ணி கேட்கிற செடிகளைச் சேர்த்து வை. வேருக்கு மட்டும் தண்ணி விடு. மண்ணுக்கு மூடாக்கு போடு. விடாம பராமரி.

லாஸ் வேகஸ் பகுதியில இது வேலை செய்யுதான்னு நிஜ வீடுகள்ல மீட்டர் வெச்சு அளந்தாங்க. ஒரு சதுர அடி புல்லுக்கு வருஷத்துக்கு சுமார் 276 லிட்டர். ஜெரிஸ்கேப்புக்கு சுமார் 65. நம்ம கணக்குல சொல்றேன்: பத்துக்குப் பத்து புல்தரைக்கு 12,000 லிட்டர் லாரி ரெண்டுக்கும் மேல. மாத்தினா அரை லாரி போதும்.

1999-ல புல்லை எடுக்கிறவங்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2002-ல நதியில வழக்கமான வரத்துல கால்வாசிதான் வந்துச்சு. அடுத்த வருஷமே புது வீடுகளோட முன்பக்கத்துல புல் போடத் தடை. 2021-ல மாநிலச் சட்டம், பயனில்லாத அலங்காரப் புல்லுக்கு முடிவு கட்டிச்சு. வீட்டுத் தோட்டத்தை அது தொடலை. சாலையோரம், அலுவலக வளாகம் மாதிரி இடங்கள்தான். 2002-க்குப் பிறகு மக்கள் தொகை 7 லட்சத்துக்கு மேல கூடியும், நதியில இருந்து எடுக்கிற தண்ணி கால் பங்குக்கு மேல குறைஞ்சுது.

ஏன் தோட்டத்தையே குறி வெச்சாங்க? அங்கே குளியலறை, சமையலறைத் தண்ணி கிட்டத்தட்ட முழுசா சுத்திகரிக்கப்பட்டு, அவங்க குடிக்கிற மீட் ஏரிக்கே திரும்பிப் போகுது. எவ்வளவு திருப்பி விடுறாங்களோ, அவ்வளவு கூடுதலா எடுத்துக்கலாம். ஆவியாப் போற தோட்டத் தண்ணிதான் நஷ்டம்.

தப்பும் நடந்துச்சு. சில பேர் ஜெரிஸ்கேப்னா வெறும் ஜல்லின்னு நினைச்சுக் கொட்டினாங்க. வெக்கை ஏறிச்சு. புல்லுக்கு விட்ட தண்ணியில வாழ்ந்த மரங்கள் காய்ஞ்சுது. அதனாலதான் உதவித்தொகை வேணும்னா, செடிகள் வளர்ந்ததும் பாதி இடத்தையாவது மூடணும்னு விதி வெச்சிருக்காங்க.

இதை அப்படியே சென்னைக்கு காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது. நம்ம குளிச்ச தண்ணி செம்பரம்பாக்கத்துக்குத் திரும்பப் போறதில்லை. அதனால இங்கே லாபம், ஒரு தடவை பயன்படுத்தின தண்ணியைச் செடிக்கு விடுறதுல இருக்கு. நம்ம பாட்டிகள் கிணத்தடியில வாழையும் சேம்பும், தள்ளி ஒரு ஓரத்துல முருங்கையும் வெச்சாங்களே, அதுவும் தண்ணி கணக்குதான். டென்வர்காரங்க விதியா எழுதினதை இவங்க எழுதாமலே செஞ்சாங்க.

இந்த வருஷம் அம்மாவும் நானும் முதல்ல பேப்பர்ல படம் போட்டோம். அரிசி, பருப்பு கழுவின தண்ணி ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்னு ஒரு வாரம் அளந்தோம். எட்டு. எட்டு லிட்டருக்கு எத்தனை தொட்டியோ, அத்தனைதான். தாகம் அதிகமான கீரையும் கறிவேப்பிலையும் சமையலறை ஜன்னல் பக்கம். மாடியில கற்றாழை, தூதுவளை. தொட்டி மேல தேங்காய் நார். அம்மாவுக்கு ரோஜா இல்லைன்னு கொஞ்சம் வருத்தம். மழைக்காலம் வரட்டும்னு சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டு எண் எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.